செய்து கொடுப்பதா, செய்யப் பழக்குவதா?



ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பிய பின்னர் நம் இல்லங்கள் பலவற்றில் நடைபெறும் ஒரு சிறு நிகழ்ச்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய படத்தைத் திறந்து பார்க்கத் தெரியாத அம்மம்மா கைத்தொலைபேசியை ஏந்திக்கொண்டு பேரனிடம் வருகிறார். "அப்பன், மாமா ஏதோ படம் அனுப்பியிருக்கிறாராம். உதை ஒருக்கா எடுத்துத் தாவன்" என்கிறார். பேரன் தன் அலுவலிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி வாங்குகிறான். அவனுடைய விரல் மூன்று முறை ஓடுகிறது. "இந்தாங்கோ" என்று திருப்பிக் கொடுக்கிறான். படம் தெரிகிறது; அம்மம்மாவின் முகம் மலர்கிறது. ஆனால் அடுத்த ஞாயிறும் அவர் அதே தொலைபேசியுடன் அதே பேரனிடமே வந்து நிற்பார்.

பேரன் செய்தது உதவியா? உதவிதான். அதைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும், பிறருக்கு ஒன்றைச் செய்து கொடுப்பது மேலான அன்பா, அல்லது அவரே அதைச் செய்துகொள்ளும்படி பழக்குவது மேலான அன்பா என்ற கேள்வி இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கிறது. பங்கு மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் முதியோருக்கும் குடும்பப் பெண்களுக்கும் கணினியின் ஆரம்ப பாடங்களைக் கற்பிக்க முன்வரும் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ஆகவே, இவ்வாரம் இதைப்பற்றி உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இது சிறு விடயம் அன்று

"வயதுபோன காலத்தில் கணினி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஆசைக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மட்டும் அதைப் பழகிய காலம் போய்விட்டது. கொரோனாப் பெருந்தொற்றினால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்த 2020ஆம் ஆண்டில், திருப்பலியைக்கூட நாம் திரையிலே பார்க்க வேண்டியதாயிற்று. திரையைத் திறக்கத் தெரியாத முதியவர்கள் அதற்கும் பிறர் கையையே எதிர்பார்த்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் பெறுவதற்கு இணையத்தில் பதிந்து கியூ.ஆர். குறியீடு எடுக்க வேண்டியிருந்தது. தோட்டமும் தொழிலும் நன்கு தெரிந்த மனிதர் பலர் அந்தச் சதுரக் குறியீட்டுக்காக இளம் பிள்ளைகளைத் தேடி அலைந்தார்கள். வங்கிக் கணக்கு, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு என ஒவ்வொன்றாக இப்போது திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

எழுத்தறியாதோர் கச்சேரி வாசலில் மனு எழுதுபவரைத் தேடிப்போன காலத்தை நம் முதியோர் அறிவார்கள். கடிதம் வந்தால் அதை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பதில் எழுத இன்னொருவர் வேண்டும். மகளின் சீதனப் பேச்சும் மகனின் கடன் தொல்லையும் கணவனின் நோயும் முதலில் அந்த மூன்றாம் மனிதரின் காதில் விழுந்த பின்னரே உரியவரைச் சென்றடைந்தன. அவர் நல்லவரானால் தப்பினோம். அல்லாவிடில் ஊர் முழுவதும் அறிந்துவிடும். அந்த நிலை ஒழிய வேண்டுமென்றே நம் மூதாதையர் மண் வீடுகளில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்று நன்றாக எழுதவும் வாசிக்கவும் தெரிந்த தாய்மார், திரைக்கு முன்னால் மீண்டும் கைநாட்டு வைப்பவர்களாகிவிட்டார்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிப் பணம் எடுப்பிக்கும் முதியவர்களை உங்கள் ஊரிலும் காணலாம். அந்தப் பிள்ளை கள்வன் அல்லன். ஆனாலும், ஒருவருடைய இரகசியமும் பணமும் பிறருடைய நல்ல மனத்தை நம்பித்தான் பாதுகாப்பாயிருக்க வேண்டும் என்பது முறையாகுமா?

நான் செய்த தவறு

என்னுடைய தவறு ஒன்றை இங்கே சொல்லாமல் மேலே எழுத எனக்கு உரிமை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பங்கு மண்டபத்தில், சனிக்கிழமை மாலைகளில் ஆரம்பக் கணினி வகுப்பொன்றை நடத்தினேன். பழைய கணினிகள் ஆறு. படிக்க வந்தவர்கள் பன்னிருவர். அவர்களுள் 60 வயதைக் கடந்த ஒரு தாய் இருந்தார். வெளிநாட்டிலுள்ள மகனுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுத வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் அவர் வந்தார்.

அவருடைய கை சற்று நடுங்கும். மவுஸை இருமுறை விரைவாகத் தட்ட வேண்டிய இடத்தில், முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையில் அம்புக்குறி விலகிப் போய்விடும். "மாஸ்ரர், நீங்களே உதைச் செய்து விடுங்கோ" என்பார். நானும் அவர் தோளுக்கு மேலால் குனிந்து, மவுஸை வாங்கித் தட்டித் திறந்துவிடுவேன். அவர் மகிழ்வார், நானும் மகிழ்வேன். வகுப்பு தடையின்றி ஓடியது. நான்கு வாரங்களில் கடிதம் எழுதும் பாடத்துக்கே வந்துவிட்டோம் என்று நான் பெருமைப்பட்டுக் கொண்டேன்.

வீட்டிலோ, மகன் அனுப்பிய மடிக்கணினி துணியால் மூடியபடியே கிடந்தது. அவரால் அதைத் திறக்க முடியவில்லை. இந்த நிலையில், மகனுடைய குடும்ப வாழ்வில் ஏற்பட்ட ஒரு பிரச்சினைபற்றி அவசரமாக அவனுக்கு எழுத வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு இளைஞரைக் கூப்பிட்டு, சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லி மற்றப் பாதியை விழுங்கிக்கொண்டு எழுதுவித்திருக்கிறார். சொன்ன அந்தப் பாதியே ஒரு கிழமைக்குள் ஊர்ப் பேச்சாகிவிட்டது.

அவர் என்னுடன் சண்டைக்கு வரவில்லை. மண்டபத்துக் கதிரையில் வழக்கம்போல் வந்திருந்து, ஒரே ஒரு சொல் சொன்னார்: "மாஸ்ரர், இவ்வளவு நாளும் நான் உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். என்ர கை ஒண்டும் படிக்கேல்லை."

பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். இதைவிடப் பெரிய கண்டனத்தை நான் கேட்டதில்லை.

ஞானிகள் சொன்னது

கற்பித்தல் என்றால் என்ன என்பதைத் திருச்சபையின் பெரும் மறைவல்லுநர் இருவர் ஆழ்ந்து ஆராய்ந்திருக்கின்றனர். புனித அகுஸ்தீனார் தம் மகன் அதேயொதாத்துஸுடன் உரையாடுவதாக அமைந்த 'ஆசிரியர்' என்னும் நூலில், வெளியிலிருந்து பேசும் ஆசிரியரின் சொற்கள் மாணவனுக்கு நினைவூட்டலும் தூண்டுதலுமேயன்றி வேறல்ல என்று காட்டுகிறார். உண்மையை உள்ளிருந்து விளங்கவைக்கும் ஆசிரியர் கிறிஸ்துவே என்பது அவருடைய முடிபு.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவைனாஸ் ஆசிரியரை மருத்துவருக்கு ஒப்பிடுகிறார். நோயாளியைச் சுகப்படுத்துவது முதன்மையாக அவருடைய உடலின் இயல்பே. மருத்துவர் அந்த இயல்புக்குத் துணை நின்று, அது வேலைசெய்ய வேண்டிய வழியைப் பின்பற்றுகிறார். அதுபோலவே கற்பவருடைய அறிவே கற்றலின் முதற்காரணம். ஆசிரியர் துணைக் காரணமே. நோயாளிக்காக மருத்துவர் மருந்தைக் குடித்துவிட்டால் நோய் தீருமா? மாணவரின் கையிலிருக்க வேண்டிய மவுஸைப் பறித்துத் தட்டிய ஒவ்வொரு தடவையும் நான் செய்தது அதுவே.

இன்னொரு ஒளியும் நமக்குண்டு. 1931ஆம் ஆண்டு பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் சமூக ஒழுங்குபற்றி எழுதிய சுற்றுமடலில், தனியொருவர் தம் முயற்சியால் செய்யக்கூடியதை அவரிடமிருந்து பறித்துச் சமூகத்திடம் ஒப்படைப்பதும், சிறிய அமைப்புகள் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் எடுத்துக்கொள்வதும் நீதிக்கு மாறானவை என்று கற்பித்தார். அவர் அரசையும் சமூகத்தையும் மனத்திற்கொண்டே இதை எழுதினார். எனினும் இந்தப் போதனையின் வேர், தானாகச் சிந்தித்துத் தானாகச் செயற்படுவதற்கென்றே இறைவன் மனிதனைப் படைத்தார் என்பதாகும். நாடு முழுவதற்கும் பொருந்தும் இந்நீதி, ஒரு மேசைக்கும் இரண்டு கதிரைகளுக்கும் பொருந்தாமற் போகுமா?

ஏன் பறிக்கிறோம்?

நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். முதலாவது காரணம் அவசரம். அவர் பத்து நிமிடம் எடுப்பதை நாம் பத்து வினாடியில் முடித்துவிடலாம். அந்தப் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது நமக்கு ஒரு தவமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது காரணம் பெருமை. "மாஸ்ரர் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் ஓடாது" என்று பிறர் சொல்வது காதுக்கு இனிக்கிறது. நம்மை அவர்கள் எப்போதும் நம்பியிருக்க வேண்டும் என்ற ஆசை, சேவை என்னும் உடையை உடுத்திக்கொண்டு வருகிறது.

மூன்றாவது காரணம் இரக்கம். "பாவம், இந்த வயதில் ஏன் இவரை வருத்துவான்?" என்கிறோம். மூன்றிலும் நம்மை அதிகமாக ஏமாற்றுவது இதுவே. ஏனெனில், "உம்மால் முடியாது" என்ற தீர்ப்பை நாம் அன்பான குரலில் வழங்கிவிடுகிறோம். அவரும் அதை நம்பிவிடுகிறார். இன்று 70 வயதான ஒருவர் பிறந்த காலத்தில் மவுஸ் என்ற கருவியை உலகம் கண்டிருக்கவில்லை. டக்லஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கர் அதை 1968ஆம் ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிபுணர் கூட்டமொன்றின் முன்னால் இயக்கிக் காட்டினார். கணினி அறிஞர்களுக்கே அன்று அது புதினமாயிருந்தது. ஆகவே, அது தெரியாதிருப்பது அறிவீனம் அன்று. தமக்குப் பின் பிறந்த ஒன்றை இன்னும் சந்திக்காமலிருப்பதே.

எல்லோராலும் முடியுமா?

இவ்விடத்தில் நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். கண் மங்கியவரும் படுக்கையில் கிடப்பவரும் என்ன செய்வார்கள்? வங்கி அலுவல் நாளை முடிய வேண்டுமானால், இன்று பாடம் நடத்திக்கொண்டிருக்கலாமா?

நியாயமான கேள்வி. முடியாதவரிடம் "நீரே செய்யும்" என்று சொல்வது போதனை அன்று, கொடுமை. அவருக்கு நாம் செய்து கொடுக்கவே வேண்டும். எரிகோவின் வாசலில் கூப்பிட்ட குருடனாகிய பர்த்திமேயுவிடம், அவனுக்கு என்ன வேண்டும் என்று யேசு முதலில் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். அவனுடைய தேவை கண்ணுக்கு முன்னால் தெரிந்தபோதும் அவனுடைய வாயால் சொல்லவைத்தார். நாமும் கேட்டுச் செய்வோம். ஒவ்வொரு படியையும் வாசித்துச் சொல்லிச் செய்வோம். அறிந்துகொண்டதை ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் காப்பதுபோன்ற கவனத்துடன் நமக்குள்ளே வைத்திருப்போம். இரகசிய இலக்கத்தையாவது அவருடைய விரலே அழுத்தட்டும். அந்நேரம் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வகுப்புகள் நடைபெறுகின்றன என்பதைச் சாட்டாக வைத்து, அலுவலகங்களும் வங்கிகளும் நேரில் வருவோருக்கான யன்னல்களை மூடிவிடுதல் நீதியன்று. கற்க விரும்புவோருக்கு வழி திறக்க வேண்டும். கற்க இயலாதோருக்கு மனித முகம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

ஆனால், முடியாதவர் என்று நாம் ஒதுக்குபவர்களில் எத்தனை பேர் உண்மையில் முடியாதவர்கள்? காய்ச்சலாய்க் கிடந்த பேதுருவின் மாமியாரை யேசு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதன்பின் அந்தத் தாய் எழுந்து தன் கையாலேயே அவர்களுக்குப் பணிவிடை செய்தார். ஆண்டவர் பிடித்த கை, அவரை எழுந்து நிற்கவைப்பதற்காகப் பிடித்த கை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

அந்தத் தாய் சொன்ன சொல்லுக்குப் பின் நான் பழகிக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். இளைஞர் சபையினருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவை பயன்படலாம்.

கற்பிக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் சொல்லுங்கள். ஒரு கணினிக்கு இருவர் இருந்தால், குறைவாகத் தெரிந்தவரின் கையிலேயே மவுஸ் இருக்கட்டும்.

மனிதரைக் கருவிக்கு ஏற்ப வளைக்காமல், கருவியை மனிதருக்கு ஏற்ப வளையுங்கள். இரு தட்டுகளுக்கு இடையிலான வேகத்தைக் கணினியின் அமைப்பிலேயே குறைத்து வைக்கலாம். அம்புக்குறியையும் எழுத்துகளையும் பெரிதாக்கலாம். நான்கு வாரம் அந்தத் தாயின் நடுக்கத்தைக் குறையாகக் கண்ட நான், ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய இந்த மாற்றத்தை நினைக்கவே இல்லை.

அவருக்குத் தேவையானதிலிருந்து தொடங்குங்கள். கணினியின் உள்ளுறுப்புகளின் பெயர்களை மனனம் செய்விப்பதால் பயனில்லை. மகனுக்குக் கடிதம் எழுத வந்தவர், முதல் நாளே தன் மகனின் பெயரைத் திரையில் காணட்டும். தமிழ் எழுத்துகள் 247ஐயும் ஒரு சிறு பலகையில் எப்படி அடக்குவது என்று மலைப்பவர்களுக்கு, தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா நம்முடைய சுண்டிக்குளியில் பிறந்தவர் என்று சொல்லுங்கள். அவர்கள் முகத்தில் ஒரு துணிவு தோன்றும்.

பயத்தை முதலில் அகற்றுங்கள். "எதையாவது அழுத்திப் பழுதாக்கிவிடுவேனோ" என்பதே ஆரம்ப மாணவர் எல்லோருடைய அச்சமும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இசட் எழுத்தைத் தட்டினால், கடைசியாக எழுதியதோ அழித்ததோ மீண்டும் பழையபடி வந்துவிடும் என்பதை முதல் நாளிலேயே செய்து பார்க்கவிடுங்கள். பிழையைத் திருத்த வழியுண்டு என்று அறிந்தவரே துணிந்து முன்செல்வார். ஆன்மிக வாழ்விலும் இதுவே நம் அனுபவம் அல்லவா?

பாடத்தை அவரே தன் கொப்பியில், தன் சொற்களில் எழுதட்டும். "மேலே இடப்பக்கம் உள்ள நீலப் பெட்டி" என்று அவர் எழுதினால் அதுவே சரியான பெயர். கடவுச்சொல்லை அவரே உருவாக்கி அவரே அழுத்தட்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது, எனக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

நமக்குள்ள கடமை

நம் நாட்டில் இம்முயற்சி புதிதன்று. 'நெணசல' என்று சிங்களத்திலும் 'அறிவகம்' என்று தமிழிலும் பெயர்பெற்ற நிலையங்கள் கிராமங்கள் தோறும் தொடங்கப்பட்டன. அவற்றுள் பல வணக்கத் தலங்களிலேயே இயங்கின. அத்திட்டத்துக்கு 2014ஆம் ஆண்டு கேற்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதும் கிடைத்தது. திருச்சபையும் பின்நிற்கவில்லை. 1990ஆம் ஆண்டிலேயே உலக சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை புனித 2ஆம் அருளப்பர் சின்னப்பர் எடுத்துக்கொண்ட பொருள், கணினிப் பண்பாட்டில் கிறிஸ்தவச் செய்தி என்பதாகும். கணினிகள் உண்டு; மண்டபங்கள் உண்டு; தெரிந்த இளைஞர்களும் நம் பங்குகளில் நிறைய உண்டு. குறைவாயிருப்பது பொறுமை ஒன்றே.

எம்மாவுஸ் ஊருக்குப் போன சீடர் இருவருடன் உயிர்த்த ஆண்டவர் எவ்வாறு நடந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய நடைக்கேற்பத் தாமும் நடந்தார். கேள்வி கேட்டு அவர்களையே பேசவைத்தார். அவர்களுடைய கண்கள் திறந்த அதே நொடியில் அவர்கள் பார்வையிலிருந்து மறைந்தார். அவர்கள் அவரைத் தேடி அழவில்லை. எழுந்து தாங்களாகவே எருசலேமுக்கு நடந்தார்கள். கற்பிக்கும் நமக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறெங்கு உண்டு?

அந்தத் தாயின் கதையை முடிக்கவில்லை. முதற்பாடத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். அவருடைய கை தானாகவே பழக மூன்று மாதம் சென்றது. ஒரு சனிக்கிழமை அவர் தன் மகனுக்கு எழுதத் தொடங்கினார். எழுத்தெழுத்தாகத் தேடி, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக இருந்து எழுதினார். ஏதேனும் பிழையிருக்குமோ என்று பார்ப்பதற்காக, நான் வழக்கம்போல் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னர் மெதுவாகத் திரையை என் கண்ணுக்குத் தெரியாதபடி மறுபக்கம் திருப்பிக்கொண்டார். "இது எங்கட வீட்டுக் கதை, மாஸ்ரர்" என்றார்.

நான் விறாந்தைக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஆசிரிய வாழ்வில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுவே என்று நினைக்கிறேன்.

ஆகவே, அன்பு வாசகரே, வரும் ஞாயிறு அம்மம்மா தொலைபேசியுடன் வரும்போது அதை வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, "இருங்கோ அம்மம்மா, நீங்களே தட்டுங்கோ, நான் சொல்லுறன்" என்று சொல்லிப் பாருங்கள்.